மஞ்சள் பெட்டியும் ஒரு பீப் சத்தமும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, டிராஃப்ட்லயே தூங்கிட்டு இருந்த பதிவு இது. மல்டிமீட்டர் பத்தி. "பொட்டி தட்டுறவனுக்கு மல்டிமீட்டர் எதுக்கு?"ன்னு கேக்குறவங்களுக்கு ஒரு தகவல். படிச்சது ட்ரிபிள் ஈ. இப்போ எழுதுறது மோட்டாரை ஓட்டுற கருவிகளுக்கு உள்ளே இருக்கிற மென்பொருள். அதனால பொட்டிக்குப் பக்கத்துலயே ஒரு மீட்டரும் எப்பவும் இருக்கும்.

இன்னொரு காரணம், என் வலது கை ஆள்காட்டி விரல்ல இருக்கிற தழும்பு. கல்லூரி கடைசி வருஷம், ப்ராஜெக்ட் நேரம். சந்தையில வாங்கின, பேர் ஊர் தெரியாத ஒரு மலிவு மீட்டர். அதுல ஒரு சின்ன மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்குதுன்னு பார்த்துட்டு, "சரி, பிளக் பாயிண்ட்ல வோல்ட்டேஜ் எவ்வளவு வருது"ன்னு பார்க்கப் போனேன். குமிழை வோல்ட்டுக்குத் திருப்பினேன். சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் ஓட்டையில இருந்து பிடுங்கி மாத்த மறந்துட்டேன். அவ்வளவுதான் தப்பு. ஒரு வெடி, ஒரு நீல வெளிச்சம், மெயின் ட்ரிப், லேப் முழுக்க இருட்டு. ஒயர் நுனி உருகிக் காணாமப் போயிருந்தது. விரல் மட்டும் பொசுங்கினதோட தப்பிச்சேன்.

ஒரு நல்ல மீட்டருக்கு 400 டாலருக்கு மேல கொடுக்கிறவங்க எதுக்குக் கொடுக்கிறாங்கன்னு அதுக்கப்புறம்தான் தேட ஆரம்பிச்சேன். தேடத் தேட ஒரு விஷயம் புரிஞ்சது. இந்தப் பொட்டியோட வரலாறு துல்லியத்தோட வரலாறுன்னுதான் எல்லாரும் நினைக்கிறோம். பாதிதான் சரி. மனுஷன் செய்யுற தப்புகளோட வரலாறுதான் மீதிப் பாதி. விலையும் பெரும்பாலும் அந்தப் பாதிக்குத்தான்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

முள் காலம்

1920கள்ல பிரிட்டிஷ் தபால் துறை இன்ஜினீயர் ஒருத்தர், பேர் டொனால்ட் மெக்கேடி. டெலிபோன், தந்தி லைன்களைப் பராமரிக்க ஆம்பியருக்கு ஒரு மீட்டர், வோல்ட்டுக்கு ஒண்ணு, ஓமுக்கு ஒண்ணுன்னு சுமக்க வேண்டியிருந்த காலம். மூணையும் ஒரே பெட்டிக்குள்ள அடக்கலாமேன்னு அவர் யோசிச்சதுல பிறந்தது 1923-ல வந்த ஆவோமீட்டர். ஆம்ப், வோல்ட், ஓம் மூணோட முதல் எழுத்தும் சேர்ந்ததுதான் அந்தப் பேரு.

1951-ல வந்த மாடல் 8 உலகம் பூரா போச்சு. செங்கல் மாதிரி கனம். உள்ளே ஒரு காந்தம், சுருள், முள். இதுல ஒரு அருமையான விஷயம், முகப்புல இருக்கிற 'கட் அவுட்' பொத்தான். தப்பான ரேஞ்சுல வச்சு முள் வேகமா அடிச்சா, பொத்தான் டக்குன்னு வெளியே துள்ளி சர்க்யூட்டைத் துண்டிச்சிடும். அதாவது, "இதைப் பயன்படுத்துறவன் ஒருநாள் தப்பு பண்ணுவான்"னு நினைச்சே வடிவமைச்சிருக்காங்க. உதிரி பாகங்கள் கிடைக்கலைன்னு 2008-லதான் ஆவோ தயாரிப்பை நிறுத்தினாங்க. யோசிச்சுப் பாருங்க, 85 வருஷம்!

முள்ளோட குறை என்ன? ஒண்ணு, கீழே விழுந்தா போச்சு. ரெண்டு, நேராப் பார்க்காம சாய்வாப் பார்த்தா வேற எண் தெரியும். மூணாவதுதான் முக்கியம். முள்ளை நகர்த்தவே அளக்கிற சர்க்யூட்ல இருந்து கொஞ்சம் கரண்ட்டை மீட்டர் உறிஞ்சணும். ரேடியோ மாதிரி நுணுக்கமான சர்க்யூட்ல அது உறிஞ்சினதாலேயே அளவு மாறிடும். இந்தக் கடைசிக் குறையை ஞாபகம் வச்சுக்கங்க. பின்னாடி இதுவே நிறையா மாறப் போகுது.

எண் வந்த கதை

கலிபோர்னியாவுல ஆண்ட்ரூ கேன்னு ஒருத்தர். 1952-ல நான்-லீனியர் சிஸ்டம்ஸ்னு கம்பெனி ஆரம்பிச்சு, அடுத்த ஒண்ணு ரெண்டு வருஷத்துல டிஜிட்டல் வோல்ட்மீட்டர் கொண்டு வந்தார். கைல பிடிக்கிறதெல்லாம் இல்லை, ரேக்குல மாட்டுற பெட்டி. டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி படிப்படியா நகர்ற சுவிட்சுகள் டக டகன்னு ஓடி எண்ணைக் கண்டுபிடிக்கும். (நம்ம பொட்டி தட்டுற கூட்டத்துக்கு ஒரு கொசுறு: இதே மனுஷன்தான் 1980கள்ல கேப்ரோங்கிற, தூக்கிட்டுப் போற கம்ப்யூட்டரை வித்தவர்.)

அந்தப் பெட்டியைக் கைக்குள்ள கொண்டு வந்ததுல ஒரு முக்கியமான தந்திரம், 'டூயல் ஸ்லோப்'. ரொம்ப எளிமையான யோசனைதான். அளக்க வேண்டிய வோல்ட்டேஜை ஒரு குழாய்னு வச்சுக்குவோம். அதைச் சரியா 100 மில்லிசெகண்ட் திறந்து ஒரு வாளியை நிரப்பு. அப்புறம் அளவு துல்லியமாத் தெரிஞ்ச இன்னொரு ஓட்டை வழியா வாளியைக் காலி பண்ணு. காலியாக எவ்வளவு நேரம் ஆச்சுன்னு எண்ணு. அந்த எண்தான் வோல்ட்டேஜ்.

இதுல என்ன அழகுன்னா, வாளி சின்னதா பெருசான்னு கவலையே இல்லை. நிரப்புறதும் காலி பண்றதும் அதே வாளிதான், அதனால அதோட பிழை அடிபட்டுப் போயிடும். வாளின்னு நான் சொல்றது கெபாசிட்டர். வெயிலுக்கும் வயசுக்கும் மாறுற சாமான், மாறினாலும் பிரச்சினை இல்லை. இன்னொரு லாபமும் உண்டு. 100 மில்லிசெகண்டுல 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் சரியா 5 சுற்று, 60 ஹெர்ட்ஸ்னா சரியா 6 சுற்று. ஏறினதும் இறங்கினதும் சமமாகி, கரண்ட் லைன்ல இருந்து வர்ற இரைச்சல் பூஜ்யமாயிடும். மெதுவா அளக்கிறது இங்கே ஒரு பலம்!

எழுபதுகள் கடைசியில ஐசிஎல் 7106 மாதிரி ஐசிகள் வந்து இந்த வேலை மொத்தத்தையும் ஒரே சில்லுல அடக்கிடுச்சு. எல்.சி.டி. திரையை நேரடியா ஓட்டும், ஒரு 9 வோல்ட் பேட்டரி போதும். மலிவு மீட்டர்கள் பலவும் இந்த வம்சம்தான். 1999-க்கு மேல எண்ணத் தெரியாத அந்த மஞ்சளோ கருப்போ ஒரு மீட்டர், உங்கள்ல பல பேர் வீட்டு அலமாரியிலயும் இருக்கும்.

சியாட்டில் ஆசாமி

இப்போ ஹீரோ என்ட்ரி. ஜான் ஃப்ளூக். ஜெனரல் எலக்ட்ரிக்ல வேலை பார்த்தப்போ இவரோட அறைத்தோழர் யாரு தெரியுமா? டேவிட் பேக்கார்ட். ஆமாம், ஹியூலெட் பேக்கார்டுல வர்ற அதே பேக்கார்ட்தான். ஒரே அறையில இருந்த ரெண்டு பேரும் தனித்தனியா அளக்குற கருவி கம்பெனி ஆரம்பிச்சாங்க. ஃப்ளூக் தன்னோட கம்பெனியை 1948-ல ஆரம்பிச்சு, பிறகு சியாட்டில் பக்கம் கொண்டு போனார்.

1977-ல அவங்க விட்டது 8020ஏ. சட்டைப் பைக்குக் கொஞ்சம் பெருசு, விலை 169 டாலர். பக்கவாட்டுல வரிசையா பொத்தான்கள். ஃபீல்டுல வேலை செய்யுறவன் பையில தூக்கிப் போட்டுக்கிட்டுப் போகக்கூடிய டிஜிட்டல் மீட்டர்.

1982-ல 8060ஏ. 19999 வரை எண்ணும், ட்ரூ ஆர்.எம்.எஸ். உண்டு, ஃப்ரீக்வென்சி உண்டு, ஏசியை 100 கிலோஹெர்ட்ஸ் வரை அளக்கும். இன்னிக்கும் பழைய பொருள் சேகரிக்கிறவங்க தேடி வாங்குறாங்க. ஆனா வாங்கினா முதல் வேலை, உள்ளே இருக்கிற பழைய எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்களை மாத்துறதுதான். அது கசிஞ்சு போர்டையே அரிச்சிடும்ங்கிறது இந்த மாடலுக்குன்னே பேர் போன வியாதி.

ட்ரூ ஆர்.எம்.எஸ்.ஸை ஒரு பத்தியில சொல்லிடறேன். மலிவு மீட்டர், ஏசியோட சராசரியை எடுத்து 1.11-ஆல பெருக்கிக் காட்டும். அழகான சைன் அலைக்கு மட்டும்தான் அந்தக் கணக்கு சரி. சதுர அலையைக் கொடுத்தா 11% கூடுதலாக் காட்டும். கம்ப்யூட்டர் பவர் சப்ளை மாதிரி நறுக் நறுக்குன்னு இழுக்கிற கரண்ட்டை ரொம்பக் குறைச்சுக் காட்டும். "கம்மியாத்தானே போகுது"ன்னு நீங்க நம்புற ஒயர் சூடாகிட்டு இருக்கும்.

1983-ல 70 வரிசை. இதுலதான் ஒரு சுவாரசியமான பின்வாங்கல். எண் வந்தப்போ எல்லாரும் முள்ளைத் தூக்கிப் போட்டாங்க. ஆனா வோல்ட்டேஜ் ஏறுதா, இறங்குதா, துடிக்குதான்னு பார்க்க ஓடுற எண்கள் உதவாது, கண்ணு அதைப் படிக்கிறதுக்குள்ள மாறிடும். முள் இருந்தா ஒரு பார்வையில தெரிஞ்சிடும். அதனால எண்ணுக்குக் கீழே சின்னச் சின்னக் கோடுகளா ஒரு போலி முள்ளை வச்சாங்க. கூடவே ஒரே குமிழ், ரேஞ்சைத் தானா தேர்ந்தெடுக்கிற வசதி. ஒத்தைக் கையால இயக்கலாம், இன்னொரு கை சும்மா இருக்கலாம். கரண்ட் வேலையில ஒரு கை சும்மா இருக்கிறது எவ்வளவு பெரிய விஷயம்னு எலக்ட்ரீஷியனைக் கேளுங்க.

அந்த பீப்

1988-ல வந்தது 87. மஞ்சள் ரப்பர் உறை போட்ட அந்த மீட்டரைப் படத்துலயாவது பார்த்திருப்பீங்க. மூணாவது தலைமுறை தாண்டி, 2004-ல வந்த ஐந்தாவது தலைமுறை (87-ஃபைவ்) இன்னிக்கும் விற்பனையில இருக்கு. செல்போனை ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை மாத்துற நமக்கு இது ஆச்சரியம்தான்.

87-ல ஒரு அம்சம் உண்டு. ஒயர் ஆம்பியர் ஓட்டையில இருக்கும்போது குமிழை வோல்ட்டுக்குத் திருப்பினா, மீட்டர் கத்த ஆரம்பிச்சிடும். பீப் பீப் பீப்!

இதைப் படிச்ச அன்னிக்கு என் விரலைத் தடவிப் பார்த்துக்கிட்டேன். நான் பிறக்கறதுக்கு முன்னாடியே, நான் செய்யப் போற தப்பை ஒருத்தன் யோசிச்சு விடை எழுதி வச்சுட்டான். என் கையில இருந்த மீட்டரை செஞ்சவங்க அதை விட்டுட்டாங்க, அவ்வளவுதான்.

பீப் அடிச்சும் கேக்கலைன்னா? அதுக்கு ஃப்யூஸ். 87-ஃபைவ்ல இருக்கிறது மணல் நிரப்பின 11 ஆம்பியர், 1000 வோல்ட் ஃப்யூஸ். 20,000 ஆம்பியர் பாய்ஞ்சாலும் உள்ளேயே அணைக்கும். மலிவு மீட்டர்ல ஒரு கண்ணாடிக் குழாய் ஃப்யூஸ், பல மாடல்ல 10 ஆம்பியர் ஓட்டைக்கு அதுவும் கிடையாது. நேரா ஒரு தடிமனான கம்பித் துண்டு. 230 வோல்ட்டை அதுல வைக்கிறதும் ஃபேஸையும் நியூட்ரலையும் நேரடியா இணைக்கிறதும் ஒண்ணுதான்.

ஐ.இ.சி. 61010 தரம் இதையெல்லாம் 'கேட்' வகைகளாப் பிரிச்சிருக்கு. வீட்டு பிளக் பாயிண்ட்ல மாட்டுற சாதனம்னா கேட்-2, டிஸ்ட்ரிபியூஷன் போர்டு கேட்-3, வெளியில இருந்து லைன் உள்ளே வர்ற இடம் கேட்-4. கேட்-3 1000 வோல்ட்னா, இடி, சுவிட்சிங் மாதிரி சமயத்துல வர்ற 8,000 வோல்ட் துள்ளலையும் தாங்கணும். கேட்-2 600 வோல்ட்னா 4,000 தான். மூலத்துக்குக் கிட்டப் போகப் போக பாயக்கூடிய சக்தி அதிகம், அதான் காரணம். அட்டையில 'கேட்-3'ன்னு அச்சடிக்க யாராலயும் முடியும். உள்ளே அதுக்கான இடைவெளியும் பாகங்களும் இருக்கான்னு திறந்து பார்த்தாதான் தெரியும்.

குறையே இல்லையா?

இருக்கு, நிறையவே. விசிறியா எழுதக் கூடாதுல்ல.

முதல்ல வயசு. பழைய 70, 80 வரிசைகள்ல எல்.சி.டி. எண்கள் மங்குறது ரொம்பப் பிரபலம். திரைக்கும் போர்டுக்கும் நடுவுல இருக்கிற ரப்பர் பட்டைல அழுக்கு சேர்றதுதான் காரணம். பிரிச்சுத் துடைச்சா பெரும்பாலும் திரும்ப வந்துடும்.

ரெண்டாவது, கரண்ட் அளக்கும்போது மீட்டரே தின்னுற வோல்ட்டேஜ். 87-ஃபைவ்ல மில்லிஆம்பியர் ரேஞ்சுல ஒரு மில்லிஆம்பியருக்கு 1.8 மில்லிவோல்ட். 100 மில்லிஆம்பியர் போனா 0.18 வோல்ட் காணாமப் போகும். 230 வோல்ட்ல இது தூசு. 3.3 வோல்ட்ல ஓடுற போர்டுல இது விவகாரம்.

மூணாவது, ஏசி அளவு 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான். 1982-ஓட 8060ஏ இதுல தாத்தா இல்லை, அப்பன். அதே கம்பெனியோட 289 (2007) 100 கிலோஹெர்ட்ஸ் போகும், 50,000 வரை எண்ணும், வரைபடமே போடும். ஆனா ஆறு பென்சில் பேட்டரி வேணும், கையில எடுத்தா கனம்.

போட்டியாளர்களும் சும்மா இல்லை. தைவானோட பிரைமன் பிஎம்869 5 லட்சம் வரை எண்ணும், விலையும் குறைவு. அஜிலென்ட் யு1253, ஓஎல்இடி திரை வச்சு வந்தது. இருட்டுல கொள்ளை அழகு, ஆனா பேட்டரி ஒரு வேலைநாள் தாங்குறதே கஷ்டம். அதோட ஒப்பிட்டா 87-ஃபைவ் ஒரு 9 வோல்ட் பேட்டரியில 400 மணி நேரம் ஓடும். ஜெர்மனியோட கோசன் மெட்ராவாட் என்ன பண்ணாங்க தெரியுமா? பீப்பெல்லாம் வேணாம்னு, தப்பான ஓட்டையை ஒரு மூடியால அடைச்சே விட்டாங்க. ஒயரை எடுக்காம குமிழ் திரும்பாது. அவசரத்துல எரிச்சலா இருக்கும். என் விரலைக் கேட்டா, எரிச்சல் பரவாயில்லைன்னு சொல்லும்.

நிறத்தையும் விட்டு வைக்கலை. அந்த அடர் சாம்பல், மஞ்சள் தோற்றத்துக்கு அமெரிக்காவுல வணிகச் சின்ன உரிமை இருக்கு. 2014-ல ஸ்பார்க்ஃபன் இறக்குமதி பண்ணின சுமார் 2,000 மலிவு மீட்டர்களை மஞ்சளா இருக்குன்னு சுங்கத்துறை நிறுத்திடுச்சு. இணையத்துல கடும் திட்டு விழுந்ததும், ஃப்ளூக் தன்னோட சொந்தக் கருவிகளையே ஸ்பார்க்ஃபனுக்கு அனுப்பி வச்சது.

மாமாவோட லேம்ப்

கடைசியா பெரிய குறை. இது ஒரு கம்பெனிக்கு மட்டும் இல்லை, மொத்த டிஜிட்டல் வம்சத்துக்கே உள்ளது.

மாமா கோயமுத்தூர் பக்கம் மோட்டார் வைண்டிங் கடை வச்சிருக்கார். ஒரு தடவை வீட்டு ஒயரிங் வேலை. எம்.சி.பி.யை இறக்கிட்டு ஒரு ஒயர்ல மீட்டரை வச்சேன். 80 வோல்ட் காட்டுது. கையை எடுத்துட்டேன்.

"மாமா, இன்னும் கரண்ட் இருக்குங்க. 80 காட்டுது."

"லேம்ப் எரியுதா பாரு மாப்ள."

ஹோல்டர்ல குண்டு பல்ப், ரெண்டு ஒயர், அதான் அவரோட டெஸ்ட் லேம்ப். வச்சார். துளிகூட எரியலை. மீட்டரும் உடனே பூஜ்யத்துக்கு வந்துடுச்சு.

காரணம், மேலே ஞாபகம் வச்சுக்கச் சொன்னதுதான். முள் மீட்டர் கரண்ட் உறிஞ்சும்னு குறை சொன்னோம். டிஜிட்டல் கிட்டத்தட்ட உறிஞ்சாது, அதோட தடை 10 மெகாஓம். ஒரே பைப்புல கூட ஓடுற இன்னொரு லைன்ல இருந்து 8 மைக்ரோஆம்பியர் ஒட்டிக்கிட்டு வந்தாலே 80 வோல்ட்னு காட்டிடும். வோல்ட்டேஜ் நிஜம்தான், பின்னாடி சத்து இல்லை. பேய் வோல்ட்டேஜ்னு சொல்வாங்க. இதுக்கு மருந்தா 289 மாதிரி மாடல்கள்ல 'லோ இசட்'னு குறைந்த தடை ரேஞ்ச் வச்சாங்க. புகழ்பெற்ற 87-ஃபைவ்ல அது கிடையாது!

ஆனா இதுல ஆபத்து மறுபக்கம்தான். நாலு தடவை பேய்னு தெரிஞ்சதும், அஞ்சாவது தடவை நிஜமான வோல்ட்டேஜையும் பேய்னு நினைச்சுக் கையை வைக்கத் தோணும். மாமா அன்னிக்குச் சொன்னது: "முதல்ல உசுரு இருக்கிற லைன்ல வச்சுப் பாரு. அப்புறம் செத்த லைன்ல பாரு. திரும்பவும் உசுரு லைன்ல பாரு. நடுவுல உன் மீட்டரே செத்திருந்தா?" பாதுகாப்புப் பயிற்சி வகுப்புகள்லயும் இதே முறையைத்தான் சொல்லித் தர்றாங்க. மாமா எந்த வகுப்புக்கும் போனதில்லை.

அப்போ எது வாங்கலாம்? பேட்டரியில ஓடுற போர்டு, அர்டுயினோ இதோட நிறுத்திக்கிறவங்களுக்கு மலிவு மீட்டரே போதும், காசை வீணாக்காதீங்க. மெயின்ஸ் பக்கம் போறவங்க எத்தனை இலக்கம்னு பார்க்காதீங்க. முதல்ல ஃப்யூஸ், அப்புறம் நம்பகமான கேட் தரம், அப்புறம் எச்சரிக்கை பீப்போ மூடியோ. இலக்கம், வரைபடம் எல்லாம் அதுக்கப்புறம்.

போன தீபாவளிக்கு மாமாவுக்கு ஒரு நல்ல மீட்டர் வாங்கிக் கொடுத்தேன். சந்தோஷமா வாங்கி, கடையில மேசை மேல வச்சிருக்கார். டெஸ்ட் லேம்ப் மட்டும் அதே ஆணியிலதான் தொங்குது. எடுக்கச் சொல்லி நானும் சொல்லலை.

பி.கு: உங்க வீட்டுல மீட்டர் வெடிச்ச கதை ஏதாவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. தழும்பு இருந்தா கூடுதல் மார்க்!